மேப்பில் இருந்த கம்பைநல்லூர்

சனிக்கிழமை காலையில் கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்து வைப்பது தீர்த்தகிரியின் வேலை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் கோகிலவாணி தன் கணவரிடம் முழுமனதாக ஒப்படைத்த ஒரே வீட்டு வேலை அதுதான். அதையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று அவள் யோசிக்காத வாரம் கிடையாது. காரணம், அவர் துணியை ஆள் பார்த்து மடிக்க மாட்டார், அளவு பார்த்து மடிப்பார். போர்வை, வேட்டி, சேலை எல்லாம் ஒரு அடுக்கு. சட்டை, பாவாடை, நைட்டி ஒரு அடுக்கு. ஜாக்கெட், பனியன், துண்டு, கைக்குட்டை கடைசி அடுக்கு. மூன்றும் மட்டப்பலகை வைத்துக் கட்டிய சுவர் மாதிரி நிற்கும். அதிலிருந்து தன் சேலையையும் அதற்கான ஜாக்கெட்டையும் சேர்த்து எடுப்பதற்குள் கோகிலவாணி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும்.

தீர்த்தகிரி பாலக்கோடு தக்காளி மண்டி ஒன்றில் தரம் பிரிக்கிறவர். பதினேழு வயதில் கிரேட் என்கிற தக்காளிப் பெட்டி தூக்கப் போனவர், இப்போது ஐம்பத்து மூன்று வயதில் பிரிக்கிற ஆட்களுக்கெல்லாம் தலைவராக இருக்கிறார். தக்காளியை அவர் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் ஒரு உருட்டு உருட்டினால் போதும். பெருசு ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் போய் விழும். செங்காய் தூரத்து லாரிக்கு, நன்றாகப் பழுத்தது உள்ளூருக்கு, நசுங்கியதும் நாள்பட்டதும் பின்வாசலில் காத்திருக்கும் மாடுகளுக்கு. அவர் பிரித்த கிரேடை மேலே ஒரு முறை பார்த்துவிட்டு, அடியில் கை விட்டுத் துழாவாமலே வாங்கிப்போகிற வியாபாரிகள் உண்டு. மண்டியில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

இந்தத் திறமை மண்டி வாசலோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஒரு முறை கோகிலவாணி காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது அவர் சமையலறையை ஒழுங்கு பண்ணினார். பாத்திரமெல்லாம் ஒரு பக்கம், மூடியெல்லாம் ஒரு பக்கம், பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக. பார்வைக்குக் கடை மாதிரி அழகாகத்தான் இருந்தது. நான்காம் நாள் எழுந்து வந்தவள் பால் குண்டாவுக்கு மூடி தேடி எடுப்பதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

"மூடின்னா மூடியோடதான இருக்கணும்?" என்றார் அவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"மூடி பாத்திரத்தோட இருக்கணுங்க. நீங்க என்னோட இருக்கறாப்ல."

"அப்ப நானு மூடியா?"

"பாத்திரம் நானு. மிச்சத்த நீங்களே யோசிச்சுக்கங்க."

கோகிலவாணி பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எண்பது பிள்ளைகளுக்குத் தினமும் சாப்பாடு போடுகிறவளுக்குச் சாமான் வைக்கும் முறை ஒன்று உண்டு. எது எதோடு சேர்ந்து வேலை செய்கிறதோ அது அதோடு இருக்க வேண்டும். அரிசி மூட்டைப் பக்கத்தில் முறம், பருப்பு டப்பாவுக்குள் அளவு டம்ளர். ஒரு வீட்டில் இப்படி இரண்டு பேர் இருப்பது போதாதென்று அந்த வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது.

அது மகள் ஐஸ்வர்யா கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. வேலை கிடைத்துப் பெங்களூர் போனபோது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இதை விட்டுப் போனாள். நடு அறையில் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் இடையில் இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று அவள் அதில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். கோகிலவாணிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. முதல் வாரம் லாரியைச் சாலையை விடப் பள்ளத்தில்தான் அதிகம் ஓட்டினாள். இரண்டாவது மாதத்தில் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்தத் தெரிந்துவிட்டது.

கேம் என்னவோ வெளிநாட்டுக்காரன் செய்தது. ஆனால் அதற்குள் போட்டுக்கொள்ள நம் ஆட்களே பஸ், ரோடு, ஹாரன் என்று தனித்தனித் துண்டுகளாகச் செய்து இணையத்தில் சும்மா கொடுக்கிறார்கள். அதற்கு மோட் என்று பெயர். சேலத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் சேலத்திலிருந்து ஓசூர்வரைக்கும் சாலையைச் செய்து போட்டிருந்தார். வேறொருவர் நம்மூர் தனியார் பஸ்ஸைச் செய்திருந்தார், கண்ணாடியில் எலுமிச்சம்பழ மாலை உட்பட. இன்னொருவர் ஹாரன் மட்டும். இப்படி அறுபத்தொரு மோட்களை மகளிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கோகிலவாணி சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு அந்த உலகத்தில் பதினான்கு பஸ் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சேலத்தில் பஸ்ஸை எடுத்தால் அவளை ஒருவரும் கூப்பிட முடியாது.

கம்ப்யூட்டருக்குள் சி, டி, இ என்று மூன்று டிரைவ். அதையும் அவள் சமையலறையாகத்தான் புரிந்துகொண்டாள். சின்னதும் வேகமானதுமான சி, அடுப்பு மேடை. டி, அலமாரி. பெரியதும் மெதுவானதுமான இ, பரண். தினசரி ஓட்டும் கேமும் அதன் அறுபத்தொரு மோடும் சியில். எப்போதாவது தேவைப்படும் மழைக்கால மோட், திருவிழா அலங்கார மோட் எல்லாம் டியில். ஐஸ்வர்யாவின் காலேஜ் புராஜெக்டும் பழைய படங்களும் இயில். இவற்றின் நகல், பொங்கலுக்கு வந்தபோது ஐஸ்வர்யா எடுத்துக் கொடுத்தது, கையகல டிஸ்க் ஒன்றில் பீரோவுக்குள் பட்டுப்புடவை மடிப்பில் இருக்கிறது.

சேலத்து மாணவரின் மேப்பில் ஒரு குறை இருந்தது. அதில் பாலக்கோடு இருந்தது. வளைவு இருந்தது, மார்க்கெட் இருந்தது, மார்க்கெட் முன்னால் தக்காளி கிரேடுகூட அடுக்கியிருந்தது. கோகிலவாணி பிறந்த கம்பைநல்லூர் இல்லை. தர்மபுரியிலிருந்து அந்தப் பக்கம் போகிற சாலை ஒரு வேப்பமரத்தடியில் போய் முடிந்துவிடும். பயணிகள் அங்கே இறங்கி, எங்கே போவதென்று தெரியாமல் நிற்பார்கள்.

தீர்த்தகிரிக்கு அது போதுமானதாக இருந்தது. "மேப்புலயே இல்லாத ஊர்ல போயி பொண்ணெடுத்துட்டு வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். மண்டியில் சொன்னார். பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னார். ஒரு கல்யாணப் பந்தியில் கோகிலவாணியின் அண்ணன் மாதையன் பாயசத்தை வாயில் வைக்கப் போகும் நேரம் பார்த்து, "மச்சான், உங்கூர்ல இருந்து எப்பிடி வந்து சேந்தீங்க, வழி கேட்டுக் கேட்டா?" என்று கேட்டார். இரண்டு வருடம் இது ஓடியது.

கோகிலவாணி வாயால் பதில் சொல்லவில்லை. மேப் செய்கிறவர்களின் குழுவில் மகளை விட்டு, "கம்பைநல்லூர் ஏன் இல்லை?" என்று எழுதச் சொன்னாள். ஒரு தடவை இல்லை, பதினொரு தடவை. சேலத்து மாணவர் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் போன சித்திரையில், முகம் தெரியாத வேறு யாரோ ஒருவர், இந்த அம்மாவின் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒரு சின்ன மோட் செய்து அனுப்பினார். அளவு அறுநூற்று நாற்பது கேபி. அதைப் போட்டதும் வேப்பமரத்தடியில் ஒரு நிழற்குடை, ஒரு டீக்கடை, 'கம்பைநல்லூர்' என்று மஞ்சள் போர்டு எல்லாம் முளைத்தன. அன்றைக்கு அவள் கணவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, சேலத்திலிருந்து முழுப் பயணமும் பார்க்கவைத்தாள். பஸ் போய் நின்றதும் திரும்பினாள்.

"எறங்குங்க. ஊரு வந்திருச்சு."

தீர்த்தகிரி திரைப் பக்கம் குனிந்து, "போர்டு கோணலா இருக்குது" என்றார். அந்தச் சண்டையில் அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு கம்பைநல்லூர் பேச்சையே எடுக்கவில்லை.

இதெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், போன வாரம் சி டிரைவ் நிரம்பிவிட்டது. திரையில் அதன் பட்டை சிவப்பாகி, இடமில்லை இடமில்லை என்று மூலையில் ஒரு எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. தீபாவளிக்கு வரும்போது சரி பண்ணித் தருவதாக ஐஸ்வர்யா சொல்லிவிட்டாள். கோகிலவாணிக்கு அது போதும். தீர்த்தகிரிக்குச் சிவப்பைப் பார்த்தால் தூக்கம் வரவில்லை.

"நிறைஞ்சுபோச்சுன்னா பிரிச்சு வெக்க வேண்டியதுதான?"

"நீங்க அதுல கை வெக்காதீங்க. சொல்லிப்புட்டேன்."

சனிக்கிழமை மாரண்டஹள்ளியில் ஒரு வளைகாப்பு. கோகிலவாணி பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். தீர்த்தகிரி துணி மடித்து முடித்தார். மூன்று அடுக்கையும் நின்று பார்த்தார். இன்னும் கை ஊறிக்கொண்டிருந்தது. போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதென்று சொல்ல முடியாது. மண்டியில் பில் போடக் கம்ப்யூட்டர் வந்தபோது, வெட்டுவது, ஒட்டுவது, அழிப்பது மூன்றும் பழகியிருந்தார். அந்த மூன்றும் தெரிந்தால் போதும், ஒரு மனிதன் எவ்வளவு சேதம் வேண்டுமானாலும் செய்யலாம்.

மோட்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தார். பெரியதும் சின்னதும் கலந்து, மழையில் நனைந்து வந்த லோடு மாதிரிக் கிடந்தது. மேலே 'அளவு' என்று ஒரு தலைப்பு இருந்தது. அதைத் தட்டினார். அறுபத்தொன்றும் சட்டென்று எழுந்து, பெரியது மேலே, சின்னது கீழே என்று வரிசையில் நின்றன. முப்பத்தாறு வருடமாகக் கையால் செய்கிற வேலையை அது ஒரே தட்டில் செய்ததைப் பார்த்தபோது தீர்த்தகிரிக்கு முதுகில் சிலிர்த்தது. தனக்குச் சமமான ஒருவனை முதல் தடவையாகப் பார்க்கிறவர் போல, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் வேலை சுலபம். இ டிரைவில் 'பெருசு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, பெரியதையெல்லாம் அங்கே அனுப்பினார். பெரிய லாரி, தூரத்து லோடு. டியில் 'நடுத்தரம்'. மிச்சம் இருபத்து மூன்று பொடி. தேதியைப் பார்த்தார். பாதிக்கு மேல் இரண்டாயிரத்துப் பத்தொன்பது, இருபது என்று இருந்தது. நேற்று வந்த பழத்தையே இன்றைக்கு மாட்டுக்குப் போடுகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றின் பேரையும் படித்துக்கொண்டிருந்தால் மண்டி நடத்த முடியுமா? பொடியை மொத்தமாக அழித்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணினார். கழிவைக் கையோடு அள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் ஈ மொய்க்கும்.

அழித்த இருபத்து மூன்றையும் சேர்த்தால் ஒரு கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற நேரத்துக்குக்கூடக் காணாது. ஆனால் பெரியதெல்லாம் இடம் மாறியதால் சிவப்புப் பட்டை நீலமாகிவிட்டது. தீர்த்தகிரி ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். இவ்வளவு இடம் கிடைத்த பிறகு கேம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்போமே என்று அதைத் திறந்தார்.

கேம் ஓடவில்லை. ஒரு அறிவிப்பு வந்தது. அறுபத்தொரு மோட்களைக் காணோம், இப்படியே தொடரலாமா, தொடர்ந்தால் வண்டிகளை இழக்க நேரிடும் என்றது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். தீர்த்தகிரி எதையும் தொடாமல், மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது. பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

ஐஸ்வர்யா பத்து நிமிடம் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "அளவு பாத்தாப்பா பிரிச்சீங்க? பெருசு, நடுத்தரம், பொடின்னு?"

"வேற எப்பிடி பிரிக்கறது?"

"கேம் ஒரே ஒரு ஃபோல்டர்லதாம்ப்பா மோட தேடும். நீங்க மூணு டிரைவுக்கும் அள்ளி விட்டா அது எங்கன்னு போயி தேடும்?"

"தேடட்டுமே. கம்ப்யூட்டர்தான, அதுக்கென்ன கால் வலிக்குதா?"

"இடம் வேணும்னா, சியில என்னோட பழைய கேம் ரெண்டு சும்மா கெடக்குது, அத தூக்கி இ-ல போட்டிருந்தா போதும். ஒரே வேலை. அம்மாகிட்ட கேட்டிருந்தா அம்மாவே சொல்லியிருக்கும்."

"உங்கம்மா தொடாதீங்கன்னு சொல்லிட்டா. அப்புறம் எப்பிடி கேக்கறது?"

பெங்களூரிலிருந்தே இந்தத் திரை தெரிகிற மாதிரி செய்துகொண்டு மகள் சொல்லச் சொல்ல, பெரியதையும் நடுத்தரத்தையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். பொடிக்காகப் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவை மடிப்பிலிருந்த டிஸ்க்கை எடுத்து நகலைப் போட்டார். அதற்கு மேல்தான் கஷ்டமான கட்டம். மோட்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சரியான வரிசையில் அடுக்க வேண்டும், வரிசை மாறினால் பஸ் ரோட்டுக்கு அடியில் ஓடும் என்றாள் ஐஸ்வர்யா. மேப் எல்லாவற்றுக்கும் அடியில், அதன் மேல் ரோடு, அதன் மேல் பஸ், உச்சியில் ஹாரன், போர்டு.

தீர்த்தகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, லோடு அடுக்கறதுதான? காய் அடியில, செங்காய் நடுவுல, பழம் மேல. பழத்த அடியில போட்டா நசுங்கிரும். இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்ல வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஒரே ஒரு முறைகூடத் தப்பில்லாமல் அடுக்கினார். "அப்பா, நெசமாவே சூப்பர்" என்றாள் ஐஸ்வர்யா. அந்தப் பாராட்டை அவர் முழுதாக அனுபவிப்பதற்குள் எண்ணிக்கை சொன்னாள்: "அறுபதுதாம்ப்பா இருக்குது. ஒண்ணு கொறையுது."

இரண்டு பேரும் ஒவ்வொரு பேராகப் படித்தார்கள்.

"ஐயோ. அப்பா."

"என்னாம்மா?"

"கம்பைநல்லூரு."

நகல் எடுத்தது தையில். கம்பைநல்லூர் வந்தது சித்திரையில். பீரோ டிஸ்க்கில் அது இல்லை. அழித்ததைத் திரும்ப எடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஐஸ்வர்யா பெங்களூரிலிருந்தே ஓட்டிப் பார்த்தாள். என்னென்னவோ பழைய போட்டோவெல்லாம் வந்தது, அது வரவில்லை. அன்றைக்கு வந்திருந்த இணைப்பும் செத்துப்போயிருந்தது, செய்து கொடுத்தவருக்கு எழுதினாள். அவருக்கு வேலை கிடைத்துவிட்டதாம், இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ஐந்து மாதமாகிறதாம் என்று குழுவில் வேறு யாரோ பதில் போட்டார்கள்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மகள்.

"வேணும்னே அழிச்சேன்னு நெனைப்பாளே, கண்ணு."

"நானே அப்பிடித்தாம்ப்பா நெனைச்சேன்."

தீர்த்தகிரி போனை வைத்தார். மனைவியின் கேமில் ஒரு ஊர் போனது அவருக்குப் பெரிய விஷயமில்லை. மனைவியிடம் திட்டு வாங்குவதும் புதிதில்லை. மண்டியில் அவர் கிரேடில் ஒரு நாள்கூட மேலே நல்லதும் அடியில் சொத்தையும் இருந்ததில்லை. அடியில் கை விட வேண்டாத ஆள் என்ற பேர்தான் அவர் சம்பாதித்தது. இப்போது இரண்டு வருடம் கேலி பண்ணின ஊரை, அவள் இல்லாத நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குள் புகுந்து அழித்தவராகிவிட்டார். இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அவரே நம்ப மாட்டார்.

சாயங்காலம் கோகிலவாணி கை நிறைய வளையலும், தூக்குவாளி நிறைய வளைகாப்புச் சாதமுமாக வந்தாள். வந்தவள் நடு அறையில் நின்றுவிட்டாள். கட்டில் மேல் மூன்று அடுக்கைக் காணோம். அவள் துணி ஒரு அடுக்காகவும், அவர் துணி ஒரு அடுக்காகவும் இருந்தன. ஒவ்வொரு சேலைக்குள்ளும் அதனதன் ஜாக்கெட் இருந்தது. இரண்டு மட்டும் மாறியிருந்தது. சமையலறைக்குப் போனாள். எல்லாப் பாத்திரத்தின் மேலும் அதனதன் மூடி.

அவள் வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லியே" என்றாள்.

"சும்மாதான். இப்பிடியும் வெச்சுப் பாப்பமேன்னு."

"ம்" என்றாள் கோகிலவாணி. எண்பது பிள்ளைகளில் முட்டையை இரண்டு தடவை வாங்கியது யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டியில், லோடு ஏற்றும் தமிழ்மணியிடம் தீர்த்தகிரி மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன். பொண்டாட்டி பொருள் ஒண்ண தெரியாம தூக்கிப் போட்டுட்டான். அத வெச்சு ரெண்டு வருசம் கேலி வேற பண்ணியிருக்கான். எப்பிடிச் சொன்னா நம்புவா?"

தமிழ்மணி கிரேடைக் கீழே வைத்தான். "கம்பைநல்லூரையாண்ணே அழிச்சிட்டீங்க?"

"டேய், மெதுவா."

"மேப்புல இல்லாத ஊருன்னு நீங்கதான பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி வெச்சீங்க? இப்ப போயி தெரியாமப் பண்ணேன்னா அண்ணி நம்புவாங்களா? நான் நம்பலைண்ணே. இந்தா, இந்தப் பழத்தக் கேளுங்க, இதுகூட நம்பாது."

"பொடியோட பொடியாப் போயிருச்சுடா."

"அத அண்ணிகிட்டச் சொல்லீராதீங்க. அவங்க ஊரப் பொடின்னு சொன்னதா ஆயிரும்."

அன்று தீர்த்தகிரி கை ஒரு நாலைந்து பெருசை நடுத்தரத்தில் போட்டது. யாரும் கவனிக்கவில்லை. அவரே தேடி எடுத்து மாற்றி வைத்தார்.

மூன்று மணிக்குக் கோகிலவாணி நாற்காலியில் தலையணையைப் போட்டு உட்கார்ந்தாள். ஹெட்போனை ஒரு காதுக்கு மட்டும் மாட்டினாள். இன்னொரு காது குக்கர் விசிலுக்கு. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பஸ் உறுமியது. முகப்பில் போர்டு: சேலம் – தர்மபுரி – கம்பைநல்லூர். போர்டு மட்டும் இருந்தது.

"பட்டை நீலமா இருக்குதே?" என்றாள் கோகிலவாணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஐசு தூரத்துல இருந்தே என்னமோ பண்ணுச்சு. பழைய கேம் ரெண்டயும் இ-க்கு மாத்தி வெச்சிருக்குது." பொய் இல்லை. கடைசியாகச் செய்தது அதுதான்.

"ம்."

அவருக்குக் கணக்குத் தெரியும். சேலத்திலிருந்து கம்பைநல்லூருக்கு இந்த கேமில் முக்கால் மணி நேரம். அந்த வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேருவதற்குள் சொல்லிவிட வேண்டும். தானாகக் கண்டுபிடித்தாள் என்றால் தீர்ந்தது.

பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் சொல்லலாம் என்றிருந்தார். அங்கே நெரிசல். ஓமலூர் தாண்டியதும் நல்ல ரோடு, சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினார். "டீ வெக்கறீங்களா?" என்றாள் அவள். போய் வைத்தார். இஞ்சி தட்டிப் போட்டு, நிதானமாக, எவ்வளவு தாமதப்படுத்த முடியுமோ அவ்வளவு தாமதப்படுத்தி வைத்தார். டம்ளரும் டபராவுமாகக் கொண்டுவந்து கொடுத்தபோது பஸ் சுங்கச்சாவடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"டீ நல்லாருக்குது" என்றாள். "என்னமோ சொல்ல வந்தீங்க?"

இதுதான் நேரம். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தீர்த்தகிரி, "ஒண்ணுமில்ல, சக்கரை போதுமான்னு" என்றார்.

பஸ் தொப்பூர்க் கணவாயில் ஏற ஆரம்பித்தது.

அந்த வீட்டில் கணவாய்க்கு ஒரு சட்டம் உண்டு. ஏற்றமோ இறக்கமோ, கணவாய் முடிகிறவரை டிரைவரிடம் யாரும் பேசக் கூடாது. முன்னொரு தடவை இரண்டாவது வளைவில் அவர், "ரசத்துக்குப் புளி ஊற வெக்கட்டுமா?" என்று கேட்கப்போய், கியர் நழுவி, நாற்பது பயணிகளோடு பஸ் பின்னால் உருண்டு ஒரு டேங்கர் லாரியின் மேல் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து சட்டம். வீடு தீப்பிடித்தாலும் கணவாய் தாண்டித்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு நாளும் அவர் அதை மீறியதில்லை.

இன்றைக்கு அவருக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. சொல்வது அவள் காதில் விழும், ஆனால் அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம்.

"கோகிலா," என்றார்.

அவள் முதுகு நிமிர்ந்தது. விரல்கள் விசைகளின் மேல் இருந்தன. முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"நேத்து நாந்தான் அதுல கை வெச்சேன். பிரிச்சு வெக்கறேன்னு ஆரம்பிச்சு, சின்னதையெல்லாம் அழிச்சிட்டேன். ஐசு எல்லாத்தையும் எடுத்துக் குடுத்திருச்சு. ஒண்ணு மட்டும் கெடைக்கல."

லாரியை முந்தினாள். ஏற்றத்தில் முந்துவது லேசான காரியம் இல்லை, அழகாக முந்தினாள்.

"உங்க ஊரு. அதான் கெடைக்கல. வேணும்னு பண்ணல கோகிலா. பேரப் படிக்காமயே அழிச்சிட்டேன். படிச்சிருந்தா…" படித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே ஒரு கணம் நிச்சயமாகத் தெரியவில்லை. "படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டேன். போர்டு கோணல்னு அன்னிக்கி சொன்னேன் பாரு, அதுவும் சும்மா சொன்னதுதான். நேராத்தான் இருந்துச்சு."

முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவு போனது. கியர் இறங்கியது, ஏறியது. கோகிலவாணியின் காதோரத்தில் ஹெட்போன் வயர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு காது திறந்துதான் இருந்தது.

பஸ் ஒரு முறை நீளமாக ஹாரன் அடித்தது. முன்னால் வண்டி எதுவும் இல்லை. அந்த ஹாரன் அவருக்குத்தான்.

தீர்த்தகிரி மூன்றாவது வளைவு வரைக்கும் நின்று பார்த்தார். அப்புறம் ஆறிப்போன டீ டம்ளரை எடுத்து, அதை அதன் டபராவுக்குள்ளேயே வைத்து, சத்தமில்லாமல் அறையை விட்டு வெளியே போனார்.